சிவப்புத்துண்டு சாமியின் ஊருக்கு

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் காலை வெயில் உறைக்கும் முன்பே இறங்கிவிட்டேன். நாலைந்து நாள் ரயிலில் உட்கார்ந்தே வந்ததில் இரண்டு காலும் வீங்கி, செருப்பு ஏறவில்லை. செருப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். முதல் கடையில் இட்லி சாப்பிட்டேன். மோரேயிலும் தமிழர்கள் இட்லி விற்கிறார்கள். ஆனால் அங்கே சில நாள் சாம்பாரில் மூங்கில் குருத்து கிடக்கும். இங்கே சின்ன வெங்காயம் முழுசு முழுசாகக் கிடந்தது. இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன். கடைக்காரர் என் காலைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் இரண்டு கரண்டி ஊற்றினார்.

நான் முதுகுளத்தூர் பக்கத்து ஆள். ஏழாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு கால் எங்கே இழுக்கிறதோ அங்கே. லாரி கிளீனர், பிறகு டிரைவர், நாக்பூரில் ஆரஞ்சு மூட்டை, கடைசியாக மணிப்பூரில் பர்மா எல்லையை ஒட்டிய மோரே. பர்மாவிலிருந்து ஒரு காலத்தில் கிளம்பி வந்து, திரும்பப் போக முயன்று, எல்லையிலேயே தங்கிவிட்ட தமிழர்கள் நிறைய இருக்கும் ஊர் அது. அங்கே ஒரு வியாபாரிக்காகக் காலையில் எல்லைக் கேட்டைத் தாண்டி அந்தப் பக்கத்து தமு சந்தைக்குச் சரக்கு சுமப்பேன். மாலையில் கேட் மூடுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

தமுவில்தான் பிச்சமுத்துவைப் பழக்கம். சைக்கிள் கடை வைத்திருந்தார். அறுபது வயது. பர்மிய மனைவி, பெயர் மா சான். குழந்தை இல்லை. பஞ்சர் ஒட்டும்போது கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு உட்காருவார். இடது காலில் சுண்டுவிரல் இருக்காது. கடப்பாரை விழுந்து போனது என்று ஒருநாள் சொன்னார். ஒரு வருஷப் பழக்கத்துக்குப் பிறகுதான் மீதியைச் சொன்னார்.

அரியலூருக்கும் திருமானூருக்கும் நடுவில் அவர் ஊர். பெயரை நான் எழுதப் போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். காரணம் போகப் போகத் தெரியும். அந்த ஊரில் பிச்சமுத்து பண்ணையாள். எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம், வெளியூரிலிருந்து வந்த சில தோழர்களோடு சேர்ந்து, பண்ணையார் வளைத்து வைத்திருந்த புறம்போக்கில் சிவப்புக்கொடி நட்டார்கள். கூலி ஆட்கள் எல்லோரும் அதில் ஏர் பூட்டினார்கள். பண்ணையாரின் ஆட்கள் ஏரை உடைத்தார்கள். பதிலுக்குப் பண்ணையாரின் வைக்கோல் போரும் களத்து வீடும் எரிந்தன. போலீஸ் வந்தது. பிச்சமுத்து ஓடினார். ஓடி ஓடி எல்லையில் போய்த்தான் நின்றார். இருபத்தொன்பது வருஷம்.

"நான் வரலாமா கூடாதான்னு பாத்துட்டு வா. மொதல்ல நான் இருக்கேன்னு சொல்லிடாத" என்றார். பொன்னுரங்கம் என்ற பழைய தோழரைப் பார்க்க வேண்டும். பண்ணையார் வீட்டில் பகை இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தங்கை அஞ்சலை உயிரோடு இருந்தால் 'கொட்டாங்கச்சி' என்று கூப்பிட வேண்டும். அவரைத் தவிர உலகத்தில் யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லையாம். வரும்போது இரண்டு படி வரகரிசி வாங்கி வர வேண்டும்.

வழி சொல்ல ஆரம்பித்தார். அரியலூர் ரயிலடி, ரயில்வே கேட், அதைத் தாண்டிச் சாலையின் இரண்டு பக்கமும் புளியமரம், ஊருக்குத் திரும்புகிற இடத்தில் இரட்டைப் புளி, அதன் அடியில் சுமைதாங்கிக் கல். மூன்று முறை சொன்னார். நான் மறந்துவிடுவேன் என்று சொல்லவில்லை. சொல்லச் சொல்ல அவர் அங்கே போய்க்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது மா சான் எனக்கு மொகிங்கா கொடுத்தாள். மீன் குழம்பில் மிதக்கும் சேமியா மாதிரி இருக்கும், காலைச் சாப்பாடு. புருஷனைப் பார்த்து பர்மியில் ஏதோ சொன்னாள். "இன்னொரு கிண்ணம் சாப்புடச் சொல்றா" என்று பிச்சமுத்து மொழிபெயர்த்தார். எனக்கும் இரண்டு வருஷத்தில் கொஞ்சம் பர்மி வந்திருந்தது. அவள் சொன்னது, 'இந்த ஆள் நல்ல சேதி கொண்டுவந்தால் எனக்கு வீடு இருக்காது' என்பது. நான் இன்னொரு கிண்ணம் சாப்பிட்டேன்.

பொன்னுரங்கம் எறையூரில் இருந்தார். அன்றைக்கே மதியம் போய்விட்டேன். சர்க்கரை ஆலை ஓடுகிற பருவம். சாலையோரம் கரும்பு ஏற்றிய டிராக்டரும் மாட்டு வண்டியும் வரிசையாக நின்றன. வண்டிக்கு அடியில் சாக்கு விரித்து ஆட்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். காற்று முழுக்கப் பாகு காய்கிற மணம். எங்கள் ஊரில் பனங்கருப்பட்டி காய்ச்சும்போது இப்படி மணக்கும், ஆனால் ஒரு தெருவுக்குத்தான். இங்கே ஊரே இனித்தது. ஈயும் அதே அளவுக்கு இருந்தது.

பொன்னுரங்கம் கரும்பு வெட்டுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவர். ஒல்லி, வெள்ளை மீசை. எட்டு வருஷம் ஜெயிலில் இருந்தவர் என்று பார்த்தால் தெரியாது. பழைய இயக்கக் கதை கேட்க வந்ததாகச் சொன்னேன். என்ன, பத்திரிகையா என்றார். இல்லை, லாரி டிரைவர் என்றேன். அதற்கு அவர், பத்திரிகைக்காரன் என்றால் விரட்டியிருப்பேன், டிரைவர் என்பதால் டீ சொல்கிறேன் என்றார்.

மெதுவாகப் பிச்சமுத்துவின் பெயரை எடுத்தேன்.

"அவன் செத்து முப்பது வருசம் ஆவப்போவுது தம்பி" என்றார். "கொள்ளிடத்துல பொணமா ஒதுங்குனான். போலீசு அடிச்சு ஆத்துல போட்டுட்டாங்க."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் நான் அந்தப் பிணத்தோடு பீடி பற்ற வைத்திருந்தேன். அவர் பற்ற வைக்கவில்லை, அவருக்கு பீடி, குடி ஒன்றும் கிடையாது. எனக்கு நெருப்பு கொடுத்தார்.

பொன்னுரங்கம் என் முகத்தைக் கவனிக்கவில்லை. அவருக்குச் சொல்ல இன்னொன்று இருந்தது. அதைச் சொல்லும்போதுதான் குரல் உயர்ந்தது. "சாமி இல்ல பூதம் இல்லன்னு ஊரு ஊரா பேசுனவன். அவனப் போயி சாமியாக்கிட்டானுவ. சிவப்புத்துண்டு சாமியாம். கெடா வெட்டுறானுவ, சாராயம் வெக்கிறானுவ. சாராயக் கடையை ஒடைச்சவனுக்குச் சாராயம்."

நீங்கள் போய்ச் சொல்லவில்லையா என்று கேட்டேன். ஒருமுறை போனாராம். பொம்பளைகள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தார்களாம்.

"புரட்சி பண்ணுனோம். என்ன மிஞ்சிச்சு? நான் ஆள் புடிக்கிறேன். அவன் அருள் குடுக்கிறான். அவனும் உசுரோட இருந்தா இங்க வந்து எங்கூட ஆள் புடிச்சிக்கிட்டுத்தான் இருப்பான். செத்தான், பொழைச்சான்."

எழுந்தபோது ஒரு முழக் கரும்பை ஒடித்துக் கையில் கொடுத்தார். ஜெயிலில் இருந்த எட்டு வருஷமும், வெளியே வந்தால் பிச்சமுத்துவின் சமாதியில் ஒரு கொடி நட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். வந்து பார்த்தால் அங்கே மணி கட்டியிருந்ததாம். இதைச் சொல்லும்போது வேறு பக்கம் பார்த்தார்.

அன்று ராத்தங்கல் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு சிமெண்ட் பெஞ்சு. கொசு மட்டும்தான் குறை.

மறுநாள் அரியலூர் பஸ்ஸில் கூட்டம். எல்லோரும் செய்வதுபோல நானும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, நிதானமாகச் சுற்றி வந்து ஏறினேன். என் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். என் இடம் என்றேன். "துண்டுக்கு எடம் குடுத்துட்டேனே, மடியில வெச்சிருக்கேன் பாருங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. நின்றுகொண்டே போனேன்.

பாதி வழியில் பின் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கி ஓடை ஓரம் நின்றோம். கண்டக்டரிடம் எந்த மாவட்டத்தில் நிற்கிறோம் என்று விளையாட்டாகக் கேட்டேன். போன வருஷம் கேட்டிருந்தால் அரியலூர் மாவட்டம் என்று சொல்லியிருப்பேன், இப்போது மறுபடியும் பெரம்பலூர், சாயங்காலம் என்னவோ தெரியாது என்றார். தனி மாவட்டம் கொடுத்த ஒரு வருஷத்தில் திரும்ப எடுத்துக்கொண்டதில் அவருக்கு வருத்தம். எழுதி வைத்த போர்டையெல்லாம் மறுபடி அழிக்க வேண்டியிருந்ததாம்.

ஓடையில் ஒரு கல் எடுத்தேன். நத்தை மாதிரியே சுருண்டிருந்தது. பக்கத்தில் நின்ற அம்மா, இங்கே தோண்டினால் இதுதான் வரும், ஒரு காலத்தில் கடலாம், எல்லாம் உசுரோடு இருந்ததாம் என்றார். எங்கள் ராமநாதபுரத்தில் சிப்பி பொறுக்கக் கடற்கரைக்குப் போக வேண்டும். இங்கே கடல் போய்விட்டது, சிப்பி போகவில்லை. கல்லைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அரியலூர் சிமெண்ட் லாரிகளின் ஊர். இலை, கூரை, நாய் எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறம். பண்ணையாரின் மகன் ராஜமாணிக்கம் ரயிலடிப் பக்கம் லாரி ஆபீஸ் வைத்திருந்தார். டிரைவர் வேலை கேட்கிற சாக்கில் போனேன். லைசென்சை வாங்கிப் பார்த்தார். மதியச் சாப்பாடு வந்திருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டார். இன்னொரு இலை போடச் சொன்னார். எதிரியைப் பார்க்கப் போய், முருங்கைக்காய் சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதாயிற்று.

எந்தப் பக்கம் போகிறாய் என்றார். ஊர்ப்பெயரைச் சொன்னேன். அங்கே ஒரு வேண்டுதல் என்று பொய் சொன்னேன். சோற்றைப் பிசைவதை விட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"சிவப்புத்துண்டு சாமிக்கா?"

ஆமாம் என்றேன். அவரே மேலே சொல்ல ஆரம்பித்தார். களத்து வீடு எரிந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. ஒரு கன்றுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். மறுநாளே குடும்பம் அரியலூருக்கு வந்துவிட்டது. அடுத்த வருஷம் அவர் அப்பா ஆட்களோடு போய்ச் சமாதிக் கல்லைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்குவதற்குள் வாய் கோணி விழுந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. அதிலிருந்து வருஷா வருஷம் ஆடியில் இவர் வீட்டிலிருந்து ஒரு கிடா போகிறது.

பயமா என்று கேட்டேன்.

"பழக்கம்" என்றார். பிறகு, "எல்லாரும் அவன் ஊர வுட்டு ஓடி அநாதையா செத்தான்னு சொல்லுவாங்க. நாங்களும்தான் ஊர வுட்டு வந்தோம். பதினாலு மைலுதான். எங்கம்மா சாவுற வரைக்கும் அந்தக் கிணத்துத் தண்ணி வேணும்னுச்சு. ஆளு அனுப்பித்தான் எடுத்துட்டு வந்தேன். நான் போவல."

கை கழுவும்போது அடுத்ததைச் சாதாரணமாகச் சொன்னார். சமாதி இருக்கிற அந்தப் புறம்போக்குக்குக் கீழே நல்ல சுண்ணாம்புக்கல் இருக்கிறதாம். கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். அங்கே குடியிருக்கிற யாரிடமும் ஒரு துண்டுப் பட்டா கிடையாது. "அந்தச் சாமி மட்டும் இல்லன்னா ஒரு வாரத்துல காலி பண்ணிருப்பாங்க. அதிகாரி வருவாரு, கல்லப் பாப்பாரு, கும்புட்டுட்டுப் போயிடுவாரு."

வேலை வேண்டுமானால் திங்கட்கிழமை வரச் சொன்னார். நல்ல மனிதர். அவரிடம் லாரி ஓட்டியிருக்கலாம் என்று இப்போதும் நினைப்பேன்.

அன்று ரயிலடியில் படுத்தேன். தூக்கம் வரவில்லை. பிச்சமுத்து என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. வரலாமா, கூடாதா. போலீஸ் மறந்துவிட்டது, பகையாளி கிடா அனுப்புகிறான். வரலாம். ஆனால் அவர் வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், அந்தக் கல் வெறும் கல்லாகிவிடும். பிறகு ஒரு வாரம்.

மூன்றாம் நாள் காலை மினிபஸ். முன் கண்ணாடியில் 'சிவப்புத்துண்டார் துணை' என்று எழுதியிருந்தது. புளியமரங்களைத் தேடினேன். சாலையை அகலமாக்க வெட்டியிருந்தார்கள். திருப்பத்தில் இரட்டைப் புளி இல்லை. சுமைதாங்கிக் கல்லில் ஒருவர் செல்போன் கம்பெனி குடையை நட்டு இளநீர் விற்றுக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் இளைஞர். அந்தப் புறம்போக்குத் தெருவில் பிறந்தவர். அவருடைய அப்பா பண்ணையில் சாப்பாட்டுக்கு வேலை செய்தவராம். இவருடைய தங்கை நர்சிங் படிக்கிறாளாம். எல்லாம் சாமி கொடுத்தது என்றார். சாமி யார் என்று கேட்டேன். எங்கள் ஆள்தான், ஜனங்களுக்காகச் செத்தவர் என்றார். கட்சியா, கொடியா, தோழர்களா, அதெல்லாம் அவருக்குத் தெரியவில்லை. எனக்குப் பொன்னுரங்கத்தின் முகம் ஞாபகம் வந்தது.

கோயில் என்று பெரிதாக ஒன்றுமில்லை. வேப்பமரம், இடுப்பு உயரக் கல், ஒரு மணி, சுற்றிலும் நாற்பது ஐம்பது வீடுகள். பாதி ஓடு, பாதி காரை. வாசலில் கத்தரிச் செடி, டிவிஎஸ் வண்டி. கல்லின் முன்னால் ஒரு சுருட்டும் குவார்ட்டர் பாட்டிலும் இருந்தன. ஒன்று மட்டும் எனக்கு வினோதமாகப் பட்டது. எங்கள் ஊரில் கல்லுக்குத் துணி சாற்றினால் தோளில் அல்லது இடுப்பில் சாற்றுவோம். இங்கே சிவப்புத்துண்டு கல்லின் அடியில் சுற்றிக் கிடந்தது. கீழ்ப்பாகம் வெளியே தெரியவில்லை.

ஏன் இப்படி என்று கூடவே இறங்கி வந்த கண்டக்டரைக் கேட்டேன். "அப்புடித்தாங்க வழக்கம். சாமி காலப் பாக்கக் கூடாது. பாத்தா கண்ணு போயிடும்" என்றார்.

சாமியின் தங்கை என்று அவர் காட்டிய அஞ்சலை மரத்தடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நரைத்த முடி, உறுதியான கை. கழுத்தில் தாலி இருந்தது, காதில் ஒன்றுமில்லை. கண்டக்டர் மினிபஸ்ஸில் ஏறிப் போகும் வரை காத்திருந்தேன். அருகில் போய் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், பிச்சமுத்து சொல்லி அனுப்பியதையே சொன்னேன். "கொட்டாங்கச்சி."

விளக்குமாறு கையிலேயே இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. நான் வந்த பாதையை, மினிபஸ் போன சாலையை, அதற்கு அப்பால் பார்த்தாள். கூட யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க இருக்கு?" என்றாள். உயிரோடு இருக்கிறாரா என்று அவள் கேட்கவில்லை.

சொன்னேன். பர்மா என்றதும் அது கப்பலில் போகிற ஊர்தானே என்றாள். மனைவி உண்டா, வயிறாரச் சாப்பிடுகிறாரா, இருமல் இருக்கிறதா. எல்லாம் சொன்னேன். பிச்சமுத்து கொடுத்தனுப்பிய தனக்கா கட்டையைக் கொடுத்தேன். மா சான் கன்னத்தில் அரைத்துப் பூசுகிற கட்டை என்றதும் முகர்ந்து பார்த்து மடியில் செருகிக்கொண்டாள். பிறகு, உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். வரகுச் சோறு, கருவாட்டுக் குழம்பு. நான் சாப்பிடும்போது தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"கொள்ளிடத்துல பொணம் ஒதுங்குனப்ப என்னத்தான் கூட்டிப் போனாங்க தம்பி. ஆத்துல தண்ணி வடிஞ்ச நேரம். மணல்ல கெடந்துச்சு. மொகம் இல்ல, மீன் தின்னுருச்சு. ஒசரம் எங்கண்ணன் ஒசரந்தான். ஆனா காலப் பாத்தேன். பத்து வெரலும் இருந்துச்சு."

இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிவிட்டுத் தொடர்ந்தாள்.

"இதுதான்னு சொல்லிட்டா தேட மாட்டாங்கன்னு தோணிச்சு. எந்தோள்ல அண்ணன் துண்டு கெடந்துச்சு. எல்லாரும் மொகத்த மூடுவாங்க. நான் கால மூடிட்டு மேல வுழுந்து அழுதேன். துண்டு யாருதுன்னு போலீசு கேட்டான். எங்கண்ணன் துண்டுன்னேன். அதுல பொய்யில்ல."

ஊர்க்காரர்களுக்குத் தெரியாதா என்றேன். விரலைப் பற்றி நாலைந்து பேருக்குத் தெரிந்திருக்கும், அவர்களும் அன்றைக்கு அழுதார்கள், இப்போது அவர்கள் யாரும் இல்லை என்றாள். புதைத்த இடத்தில் கல் நட்டபோது கல்லின் அடியில் துண்டைப் போட்டது அவள்தான். கை தானாகச் செய்ததாம். வருஷா வருஷம் ஆடியில் புதுத் துண்டு மாற்றினாள். பார்த்தவர்கள் வழக்கமாக்கிக்கொண்டார்கள்.

சுருட்டையும் சாராயத்தையும் ஜனங்கள் வைக்கிறார்கள். அவள் தனியாக, யாரும் இல்லாத நேரத்தில், ஒரு இலையில் வரகுச் சோறு வைக்கிறாள். அண்ணனுக்குப் பிடித்தது என்பதற்காகவா என்று கேட்டேன்.

"மொத ரெண்டு வருசம் அண்ணன நெனச்சுத்தான் வெச்சேன். அப்புறம் அந்த ஆளுக்குத்தான். அவருக்கு என்னா புடிக்கும்னு எனக்குத் தெரியாது. எதையாவது வெக்கணுமில்ல."

பானைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்தாள். கறுத்துப்போன அரைஞாண் கயிற்றில் ஒரு பித்தளைச் சாவி. துண்டைப் போடும்போது பிணத்தின் இடுப்பிலிருந்து யாருக்கும் தெரியாமல் அவிழ்த்தது. "பொட்டிச் சாவி. பொட்டியே இல்லாத வூடு எங்க வூடு. போலீசு பாத்திருந்தா அப்பயே தெரிஞ்சிருக்கும். எங்கேயோ ஒரு வூட்டுல பொட்டிய ஒடைச்சாங்களோ, இல்ல, வருவாருன்னு அப்புடியே வெச்சிருக்காங்களோ."

அண்ணனிடம் என்ன சொல்ல என்றேன். டப்பாவை மூடிப் பானைகளுக்குப் பின்னால் வைத்தாள். வெளியே யாரோ மணியை அடித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"வான்னு சொல்லவும் வாய் வரல. வராதன்னு சொல்லவும் வாய் வரல. நீ பாத்ததச் சொல்லு. அதுக்குத் தெரியும்."

போன ஆடியில் கல்லிலிருந்து எடுத்த சிவப்புத்துண்டில் இரண்டு படி வரகரிசியைக் கட்டிக் கொடுத்தாள். நான் நத்தைக் கல்லை அவளிடம் கொடுத்தேன். வேறு எதுவும் என்னிடம் இல்லை.

மோரேயில் கேட்டைத் தாண்டும்போது காவலுக்கு நின்றவன் மூட்டையை அவிழ்த்து, இது என்ன புல் விதையா என்று பர்மியில் கேட்டான். சாப்பாடு என்றேன். நம்பவில்லை. ஒரு பிடி வாயில் போட்டுக் காட்டிய பிறகு விட்டான்.

பிச்சமுத்து கடையில்தான் இருந்தார். வேலையை வைத்துவிட்டு, கேட்டபடியே இருந்தார். பொன்னுரங்கம் சொன்னதற்குச் சிரித்தார், சாராயம் வைக்கிறார்கள் என்றதற்குத் தலையில் அடித்துக்கொண்டார். ராஜமாணிக்கம் கன்றுக்குட்டியோடு ஓடியதை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். அந்தப் பையன் உள்ளே இருந்தது தனக்குத் தெரியாது என்றார். கொள்ளிடக் கரைக்கு வந்தேன். பத்து விரல் என்றேன். அவர் நீட்டியிருந்த காலை மடக்கி, லுங்கியின் ஓரத்தை இழுத்து மூடிக்கொண்டார்.

"ரெட்டப் புளி இருக்கா?" என்றார் கடைசியில்.

இருக்கிறது என்றேன். இந்தப் பயணத்தில் நான் சொன்ன கடைசிப் பொய்.

மா சான் வரகை எப்படி வடிப்பது என்று தெரியாமல் குழைத்துவிட்டாள். சோற்றை வைத்துவிட்டு, எப்போது கிளம்புகிறாய் என்று நேராகவே புருஷனைக் கேட்டாள். அவர் பர்மியில் அவளுக்கு ஏதோ சொல்ல ஆரம்பித்து, முடியாமல், என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "என் துண்டப் போட்டு வேற ஆளு எடம் புடிச்சிட்டாம்ப்பா. எழுப்ப முடியுமா?" சிரிக்கத்தான் சொன்னார். நான் அதைத் தெரிந்த பர்மியில் மா சானுக்குச் சொன்னேன். பஸ்ஸில் துண்டு போடுவது அவளுக்குப் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, உள்ளே போய் நெடுநேரம் வெளியே வரவில்லை.

முதல் பிடிச் சோற்றை அவர் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தார். மீதியைக் குழைவோடு முழுவதும் சாப்பிட்டார். கேட் மூடும் நேரமாகிவிட்டது என்று நான் எழுந்தபோது கையைப் பிடித்தார். "அடுத்த தடவ போனியன்னா, அந்த ஆளத் தேடி யாராச்சும் வந்தாங்களான்னு கரையோரம் கேட்டுட்டு வா."

இரண்டு முறை போய்விட்டேன். திருமானூரிலிருந்து கொள்ளிடக் கரையோடு மேற்கே நடந்து, டீக்கடை, பரிசல் துறை, கோயில் வாசல் எங்கும் கேட்டேன். காலம் அதிகமாகிவிட்டது. கேட்கிறவர்கள் என்னையே சந்தேகமாகப் பார்க்கிறார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் ஆடி வெள்ளம் வடிந்த சமயம், உங்கள் வீட்டிலிருந்து போன யாராவது திரும்பாமல் இருந்தால் கேளுங்கள். நல்ல உயரம். இரண்டு காலிலும் விரல் பத்தும் உண்டு. இடுப்பில் கறுப்புக் கயிறு, கயிற்றில் பித்தளைப் பெட்டிச் சாவி. அவர் அநாதையாகக் கிடக்கவில்லை. அவர் பேரில் விளக்கு எரிகிறது, வருஷம் தவறாமல் புதுத் துண்டு, ஒரு இலைச் சோறு. பெட்டியை இன்னும் உடைக்காமல் வைத்திருக்கிறவர்கள் வந்தால், ஊரின் பெயரை அவர்களுக்கு மட்டும் சொல்வேன். சாவி அஞ்சலையிடம் இருக்கிறது.